நாக்கைத் திறக்கும் செப்பு வளையம்

திராட்சைத் தோட்டத்து வாசலில் காலை பத்து மணிக்கே கார் நிறுத்த இடமில்லை. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் செய்யும் தோட்டம். நல்ல ஒயின், நல்ல பெயர். கூட்டம் என்னவோ ‘நாக்கு மாஸ்டர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் விற்கும் செப்பு வளையத்துக்குத்தான். கோப்பைக்கு அடியில் வைத்தால் தோட்டம் போட்ட தாத்தாவின் ஆவி ஒயினில் இறங்குமாம், மூடிய நாக்கு திறக்குமாம். பர்ஸ் திறந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

வரிசையில் முதல் ஆள், இருபது ஆண்டுகளாகப் பத்திரிகையில் ஜோசியர்களைத் தோலுரித்த நம் கட்டுரையாளர். அவரிடமும் ‘ஆவி’ என்றிருந்தால் அடிக்கவே போயிருப்பார். மாஸ்டர் ஆள் பார்த்து ‘அதிர்வு’ என்றார், விஞ்ஞானி மாதிரி வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தார். பகுத்தறிவு அங்கேயே படுத்துவிட்டது. வளையத்தைப் புகழ்ந்து முழுப்பக்கக் கட்டுரை அனுப்பியாயிற்று. மாலையில் அச்சுக்குப் போகும்.

கூட வந்த மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்ப்பவர். தடித்த துணியின் மேல் ஐந்து கோப்பைகள், ஒரே புட்டி ஒயின், ஒன்றின் அடியில் மட்டும் துணிக்குள் வளையம். எதுவென்று மாஸ்டரும் தன் கணவரும் சுவைத்துச் சொல்லட்டும் என்றார். சுவைக்கும் அறையிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பி, வளையத்தை வைத்துவிட்டுத் தானும் வெளியே வந்தார்.

“வச்சவ உள்ள நிக்கக் கூடாது. என் மூஞ்சியப் பாத்தே பதில் சொல்லி இருபது வருஷம் குடும்பம் நடத்தினவர் இவரு.”

மாஸ்டர் கண்மூடிச் சுவைத்து இரண்டாவது என்றார். கட்டுரையாளருக்கு ஐந்தாவதில் வெண்ணெய், பேரிக்காய், மழையில் நனைந்த கல் எல்லாம் தெரிந்தன. கல்லை எப்போது நக்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

மனைவி உள்ளே வந்து துணியைத் தூக்கினால், வளையம் நான்காவதின் அடியில்.

மாஸ்டர் அசரவில்லை. நான்காவதிலிருந்து சக்தி மேசை முழுக்கப் பரவிவிட்டது என்றார். கூட்டமும் தலையாட்டியது.

“அப்ப ஊருக்கே ஒரு வளையம் போதுமே,” என்றார் மனைவி. “ஆளுக்கொண்ணு எதுக்கு விக்கிறீங்க?”

தலைகள் நின்றன. தோட்டம் போட்ட தாத்தாவின் பேத்தி, இப்போது தோட்டத்தை நடத்துபவர், தொண்டையைச் செருமினார்.

“எங்க தாத்தா ஆவியா வந்தா ஒயின்ல எதுக்கு இறங்குறாரு? கொடிய வெட்டிக் கவாத்து பண்ணப் போயிருவாரு.”

சிரிப்பு அடங்குமுன் மாஸ்டரின் கார் கிளம்பிவிட்டது. கட்டுரையாளர் ஓரமாகப் போய் ஆசிரியருக்குப் போன் போட்டு, கட்டுரையை எடுத்துவிடச் சொன்னார். பக்கம் காலியாகுமே என்றார் ஆசிரியர்.

“என் படத்தப் பெருசாப் போடுங்க சார். ‘ஊரான் மூடநம்பிக்கையத் தேடித் தேடிப் பிடிச்சவர், சொந்தமா ஒண்ணு வளர்த்திருக்கார்’னு கீழ எழுதுங்க. படிக்கிறவங்க நல்லாச் சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் அவங்கவங்க வீட்டு அலமாரியையும், இப்படி ஒரு வளையம் இருக்கான்னு, ஒருதடவ தொறந்து பாக்கச் சொல்லுங்க.”