மூன்று சொட்டு எண்ணெய்

இனிமேல் என் வண்டி ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே இப்படி ஒரு சபதம் எடுத்தேன். நுரை கொஞ்சம் சட்டையில் சிந்தியது. சபதம் சிந்தவில்லை.

பழைய மோட்டார் சைக்கிள் மேல் எனக்கு அவ்வளவு பாசம் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு நல்ல மனசு. காரணம் கிரீம் பன்.

எனக்குச் சர்க்கரை. போன மாசம் மயங்கி விழுந்தபோது டாக்டர் கிரீம் பன்னை நிறுத்தச் சொன்னார். அவர் ஒரு தடவைதான் சொன்னார். என் மனைவி மூன்று வேளையும் சொல்கிறாள். ஆனால் ஓய்வு பெற்ற மனிதனுக்குச் சாயங்காலம் நாலு மணி என்று ஒன்று வருகிறதே, அதை என்ன செய்வது? வண்டியை எடுப்பேன். பேக்கரி வாசலில் நிறுத்துவேன். பன்னை முடித்துவிட்டு, வண்டிக் கண்ணாடியைத் திருப்பி, மீசையில் ஒட்டிய கிரீமைத் துடைப்பேன். சாதுவாக வீடு திரும்புவேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வண்டி காட்டிக்கொடுக்கும் வரை. அது என்னைவிட ஏழு வயது மூத்தது. ரப்பர் ஹோஸெல்லாம் வெடித்து, கிளிப்பெல்லாம் துருப்பிடித்து, எங்கே நிறுத்தினாலும் வரிசையாக மூன்று சொட்டு எண்ணெய் வைத்துவிட்டுத்தான் கிளம்பும். ஊரில் வேறெந்த வண்டிக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. என் மனைவிக்குத் தையல் கடை. கடைக்குப் போகிற வழியில் பேக்கரி.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"சாயங்காலம் எங்க போனீங்க?"

"லைப்ரரிக்கு."

"லைப்ரரியை எப்போ பேக்கரி வாசலுக்கு மாத்தினாங்க?"

"யார் சொன்னா?"

"உங்க வண்டிதான். மூணு பொட்டு வச்சு சொல்லிட்டுப் போயிருக்கு."

"அது வேற வண்டியா இருக்கும்மா."

"முப்பது வருஷமா வாசலைக் கழுவுறவ நான். எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை அந்தப் பொட்டைப் பாத்தேன், சாவி என்கிட்ட வந்துடும்."

அதனால்தான் சபதம். மெக்கானிக்கிடம் எப்போதோ வாங்கி வந்து மாட்டாமலே விட்ட சாமான்கள் ஒரு பையில் தயாராக இருந்தன. பெட்ரோல் ஹோஸ் ஒன்று, எண்ணெய் ஹோஸ் இரண்டு, கிளிப் ஆறு, எண்ணெய்க் குழாயை இன்ஜினோடு இறுக்கும் போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாஷர்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், எண்ணெய் தெறிக்கும் என்று. தெறிக்கவில்லை. கொட்டியது. பாதி அடியில் வைத்த பேசினில், மீதி என் காதில்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, திடீர்னு வண்டி மேல இவ்வளவு அக்கறை?"

"ஊர்த் தரையெல்லாம் அழுக்காகுது. எனக்கே மனசு கேக்கல."

"அடேங்கப்பா!" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கடைக்கு வரும் துணியைத் தவிர வேறெதையும் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

புது ஹோஸ் குழாய் முனையில் ஏற மாட்டேன் என்றது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அதைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன். அவள் எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள்.

"முனையை இதுல ரெண்டு நிமிஷம் முக்கி வைங்க. இளகிடும்."

இளகிவிட்டது. வழுக்கிக்கொண்டு ஏறியது. இவள் நமக்கு உதவுகிறாள், பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று மனசு உருகிப்போனது.

"அந்த வாஷர் ரெண்டையும் குடும்மா."

"பட்டன் மாதிரி அழகா இருக்கே! இருங்க, தூசி இருக்கு, துடைச்சுத் தரேன்."

துடைத்துத் தந்தாள். மாட்டினேன். இறுக்கினேன். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. சொட்டு விழுகிறதா என்று பார்க்க அடியில் அவள் கடை அட்டை ஒன்றை விரித்து வைத்தேன். பழைய ஹோஸ், பழைய வாஷர், குப்பை எல்லாவற்றையும் அவளே அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த ஒன்பது நாள்! என் வாழ்க்கையிலேயே பொற்காலம் என்றால் அதுதான். பேக்கரிக்காரர் வாசலைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். பழைய சாட்சியும் காலி. தினமும் ஒரு பன். வியாழக்கிழமை இரண்டு. வீட்டில் காலையில் எழுந்ததும் அட்டையைப் பார்ப்பேன். பளிச்சென்று இருக்கும். சந்தோஷத்தில் ஒரு நாள் அந்த அட்டையைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அவள் கேட்டாள்.

"பேக்கரிப் பக்கம் போறீங்களா?"

"நானா? வேணும்னா போய் வாசலைப் பாரு. ஒரு சொட்டு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

"போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். மூணு பொட்டு இருந்த இடத்துல இப்போ ஒரே ஒரு பொட்டு. வேலை நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

"சும்மா சொல்லாதே! ஒழுகினா வீட்டு அட்டையில தெரியாதா?"

உள்ளே போனாள். ஒரு கட்டு அட்டையோடு வந்தாள். சட்டை மடித்து வைக்கிற அட்டை, அவள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடப்பது. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சொட்டு. ஓரத்தில் தையல் சாக்பீஸால் எழுதிய தேதி. நான் எழுந்திருக்கும் முன்பே தினமும் அட்டையை மாற்றியிருக்கிறாள்!

"எப்படி ஒழுகும்? எல்லாத்தையும் புதுசாப் போட்டேனே!"

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு செம்பு வாஷர், புத்தம் புதுசு.

"ஒண்ணு புதுசு குடுத்தேன். ஒண்ணு பழசையே பளபளன்னு துடைச்சுக் குடுத்தேன். வண்டி வாயை முழுசா அடைச்சுட்டா நீங்க எங்க போறீங்கன்னு எனக்கு யார் சொல்லுவா?"

சிரித்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க மயங்கி விழுந்தப்போ எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? சாவியைக் குடுங்க. சர்க்கரை குறையட்டும், சாவியும் வாஷரும் சேர்த்தே தரேன்."

கொடுத்தேன். திருந்திவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். மறுநாள் மூன்றே முக்கால் வரைக்கும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிக்கு நடந்து போனேன். வண்டி இல்லை, எண்ணெய் இல்லை, பொட்டு இல்லை. ஒரே ஒரு பன். நடந்தே வீட்டுக்கு வந்து, காலைத் துடைத்துக்கொண்டு, யோக்கியமாக உள்ளே நுழைந்தேன்.

அவள் வீட்டுத் தையல் மெஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"மீசையைத் துடைங்க. வண்டியில போயிருந்தா கண்ணாடியாவது இருந்திருக்கும்."