தீசல் சாரின் நெல்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே சோறு தீய்ந்துவிட்டது என்று கேட்டதும் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் தீசல் சார்தான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற இடத்துக்கு இவர் லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தோம். அந்த அகழாய்வு முகாமில் நான் படம் வரைகிறவன். பானை, காசு, பாசிமணி கிடைத்தால் எங்கள் ஆட்கள் குதிப்பார்கள். பழந்தானியம் ஆராய வந்த இவருக்கு அதெல்லாம் தூசு. பழங்காலத்து அடுப்புக்குழி ஒன்று அகப்பட்டால் போதும், அதன் மண்ணைக் கூடை கூடையாக அள்ளித் தண்ணீர் டிரம்மில் கரைப்பார். மண் அடியில் தங்கும், கருப்பாக ஏதோ மிதக்கும். அதை வேட்டியில் வடிகட்டி நிழலில் உலர்த்துவார். சொந்த வேட்டி என்றால் பரவாயில்லை, பெரும்பாலும் அது என்னுடையது.

"நல்லா இருந்த நெல்லெல்லாம் மக்கிப் போச்சுப்பா. பொசுங்கினதுதான் இத்தனை காலம் தாக்குப்பிடிச்சிருக்கு" என்பார், தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல.

காலமும் சாதாரணக் காலமில்லை. ஆட்சி மாறியிருந்தது. எல்லாருக்கும் அரிசி என்று மேடைக்கு மேடை பேச்சு. கூலி நெல்லை உயர்த்தச் சொல்லி வரப்புக்கு வரப்பு செங்கொடி. மிராசுதார்கள் விறைத்துக்கொண்டு நின்றார்கள். இந்த நேரம் பார்த்து, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று குறுவையிலும் சம்பாவிலும் பிடி பிடியாகப் புது நெல்லை வாணலியில் போட்டுக் கருக்கினார் மனிதர். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் இவரைக் கம்யூனிஸ்ட் என்று முடிவு கட்டினார். சங்கத்துக்காரர்களோ மிராசுதாரின் ஆள் என்றார்கள். இரு தரப்பிடமும் இவர் விசாரித்தது ஒன்றைத்தான்: உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது சோறு தீய்ந்தது?

மண் கரைக்கும் வேலைக்கு வந்த அஞ்சலையிடமும் அதையே கேட்டார். அவள் டிரம்மிலிருந்து கையை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"தீயற அளவுக்கு நாங்க எப்பங்க சார் பொங்கியிருக்கோம்?"

சார் போய் வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

கடைசியில் அடி மண்ணிலிருந்து ஒரு கரண்டி கருப்பு மணி கிடைத்தது. பார்ப்பதற்கு எலிப் புழுக்கைபோல இருக்கும். நெல் என்று இவர் சாதித்தார். கரி என்று முகாம் அதிகாரி சிரித்தார். மழைக்காலம் பூராவும் இந்தச் சண்டைதான். சிதம்பரத்தில் இருந்த ஒரு பேராசிரியரிடம் காட்டித் தீர்ப்பு வாங்கிவிடுவது என்று, குப்பியில் பஞ்சு வைத்து அடைத்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நெல்லும் அரிசியும் ஜில்லாவைத் தாண்டக்கூடாது என்று அப்போது தடை. கொள்ளிடத்துப் பாலத்தில் செக்போஸ்ட். அதனால் அந்தப் பஸ்ஸில் ஏறும் பெண்கள் எல்லாருக்கும் இடுப்பில் மட்டும் திடீரென்று சதைபோட்டிருக்கும். பின் சீட்டில் அஞ்சலை இருந்தாள். குச்சிபோல இருப்பவள், அன்று அவளும் நன்றாகவே தேறியிருந்தாள். அக்கரையில் மகளுக்குப் பிரசவம்.

செக்போஸ்ட் அதிகாரி ஏறியதும் சாரின் குப்பியைத்தான் முதலில் பார்த்தார். என்ன இது என்றார். மூளையுள்ள எவனும் நாட்டு மருந்து என்று சொல்லியிருப்பான்.

"நெல்லுங்க" என்றார் சார்.

தொடையில் கிள்ளினேன். பலனில்லை. கரி மாதிரி இருக்கிறதே என்றார் அதிகாரி. பார்க்கத்தான் அப்படி என்று சார் லென்ஸை நீட்டி, உமியின் வரிகளைப் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். தன்னைக் கேலி செய்வதாக நினைத்த அதிகாரியின் முகம் சிவந்தது. கரி என்று சொல்லித் தொலையுங்கள் என்று கண்டக்டர் கெஞ்சினார். ஊரெல்லாம் சொல்கிற பொய்யை நானும் சொல்ல வேண்டுமா என்று சார் அவரிடம் மல்லுக்கு நின்றார்.

"சரி, நெல்லுன்னா கேஸுதான். எல்லாரும் இறங்குங்க. ஒருத்தர் விடாம சோதனை போடணும்."

அஞ்சலை முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள். சார் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு குப்பியைப் பார்த்தார்.

"கரிதாங்க" என்றார் மெதுவாக. "வெறும் அடுப்புக்கரி. எனக்குப் புத்தி கொஞ்சம் சரியில்ல. வேணும்னா இவரக் கேளுங்க."

வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக நான் எதற்கும் தலையாட்டியதில்லை. அதிகாரி குப்பியை அவர் மடியில் போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

பஸ் பாலத்தில் ஏறியது. சார் குப்பியை வாயருகே கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"கோவிச்சுக்காதே. நீ நெல்லுதான்."

நெல்தான் என்று பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்பி வரும்போது சார் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பாலத்தைத் தாண்டும்போது அஞ்சலையின் மகள் இருந்த அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"இன்னைக்காவது அந்த வீட்டுல சோறு கொஞ்சம் தீஞ்சிருக்கணும்ப்பா."

இப்போதும் எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால், கருகிய பருக்கை ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். வீட்டில் திட்டுவார்கள். திட்டட்டும், எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.