குழாய் வழியே இறங்கிய மகன்

தன் மகனைச் சுட வேண்டாம் என்று அவள் நான்காவது முறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

தட்டினார்கள் என்பது மரியாதைக்கு. இடித்தார்கள்.

வசனத் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் திறந்தாள். எதிர்வீட்டுக்காரி. கையில் மடக்கிய குடை, ஈட்டி பிடிப்பதுபோல.

"யாருக்கா உள்ள? என்னமோ சுடுறேன் கிடுறேன்னு கேட்டுச்சே!"

சினிமாவுக்குக் குரல் கொடுக்கிறேன், வீட்டில் ஒத்திகை பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். ஹிந்தியில் வசூலை அள்ளிய அடிதடிப் படம் ஒன்றைத் தமிழில் எடுத்திருந்தார்கள். அங்கே அம்மாவாக நடித்தவரையே இங்கேயும் கூட்டி வந்தார்கள். அவருக்குத் தமிழ் வராது. ஹிந்தியிலேயே அழுதுவிட்டுப் போய்விட்டார். அந்த வாய்க்குத் தமிழை ஊட்டுவது இவள் வேலை. அவர் 'நஹீன்' என்று வாயைப் பிளந்தபடி நிற்பார். இவள் 'வேண்டாம்' என்றால் உதடு மூடிவிடும், பொருந்தாது. அதனால் "விட்டுடுடா" என்று திறந்த வாயோடு முடிகிற வசனமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்வீட்டுக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சூடாக இருந்தது. இந்தக் குடியிருப்புக்கு வந்த நாள்முதல் சிலிண்டர் போடுபவரைத் தவிர வேறு யாரும் இந்தக் கதவைத் தட்டியதில்லை. அவரும் கையைப் பிடித்ததில்லை.

"ஒண்ணுமில்லம்மா. என் மகன்" என்றாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அவளுக்கு மகன் கிடையாது. கல்யாணமே நடக்கவில்லை.

"எங்க அவன்?"

"போயிட்டான்."

"நான் வாசல்லதானே நின்னேன்? எப்படிப் போனான்?"

"பின்பக்கமா."

"மூணாவது மாடியாச்சேக்கா இது!"

"குழாயைப் பிடிச்சு இறங்கிடுவான். பழக்கம்."

எதிர்வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ரவுடியா?"

"தொலைஞ்சு போனவன்மா. சின்ன வயசுல ஒரு கூட்டத்துல கையை விட்டுட்டேன். வளர்ந்தப்புறம் திரும்பி வந்தான், இப்படி."

படத்தில் முதல் இருபது நிமிடம் அது. எதிர்வீட்டுக்காரி அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "கதவைத் தாழ் போடாதீங்கக்கா, நாங்க ஓடி வரணும்ல" என்றாள்.

அவள் தாழ் போடவில்லை. திறந்த தாழ்ப்பாளைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். ஒரு பொய்க்கு இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

மறுநாள் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"வாயைப் பொத்துறான் பாவி!" என்ற கூவலோடு கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரிக்கு முன்னால், அந்தக் குடையை ஓங்கியபடி, ஒல்லியான ஒரு பெரியவர் பாய்ந்து வந்தார். எதிர்வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"எங்க மாமனார்க்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி, மூச்சு வாங்க.

பெரியவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். பீரோவைத் திறந்து அவளுடைய புடவைகளை ஒவ்வொன்றாகக் குடையால் குத்தினார்.

"தப்பிச்சுட்டான்" என்றார். குரல் கரகரத்தது, பல நாள் ஓட்டாத வண்டியைக் கிளப்பியதுபோல. "உனக்கு இவன் ஒருத்தன்தானாம்மா?"

"இன்னொருத்தன் இருக்கான். போலீஸ்ல."

"அட, அவன்கிட்ட சொல்றதுதானே?"

"இவன் தன் அண்ணன்னு அவனுக்குத் தெரியாது."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ற நேரத்துலதான் எனக்குக் குண்டு பட்டுடும்" என்றாள், படத்தின் ஞாபகத்தில். சட்டென்று திருத்திக்கொண்டாள். "பட்டுடுமோன்னு பயமா இருக்கு."

பெரியவர் தலையாட்டினார். "குடும்பம்னா அப்படித்தான்."

அன்றிலிருந்து அவளால் தனியாக இருக்கவே முடியவில்லை. பின்பக்கக் குழாயில் கிரீஸ் தடவினார்கள். அடுத்த நாள் கசிவு பார்க்க ஏறிய பிளம்பர் முதல் மாடி அளவிலிருந்து சறுக்கி வந்து, இந்த வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பெரியவர் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், சலவைச் சட்டையும் சீவிய தலையுமாக. எதிர்வீட்டுக்காரி மூடிவைத்த பாத்திரத்தோடு வருவாள்; காலிப் பாத்திரத்துக்காக மறுபடியும் வருவாள்; கரண்டியை மறந்துவிட்டேன் என்று மூன்றாம் முறையும் வருவாள். போலீஸுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. ஏனென்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவார்கள்.

குரல் பதிவுக் கூடத்தில்தான் சிக்கல் வந்தது.

இருட்டான அறை. திரையில் அந்த ஹிந்தி அம்மா வாயைப் பிளந்தார். இவள் அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் நிறுத்தினார்.

"அம்மா, என்னாச்சு உங்களுக்கு?"

"ஏன், வாய் பொருந்தலையா?"

"வாயெல்லாம் பொருந்துது. புள்ளை நெத்தியில வில்லன் துப்பாக்கி வெச்சிருக்கான். நீங்க விருந்து சாப்பிட்டு வந்த மாதிரி அழறீங்களே! குரல்ல ஒரு சந்தோஷம் இருக்கு."

அவளுக்குத் திடுக்கென்றது. அழுகை அவள் தொழில். யாருமில்லாத வீட்டிலிருந்து அதை எடுத்து வருவாள், கிணற்றிலிருந்து இறைப்பதுபோல. கிணறு வற்றும் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஹிந்தியில அந்தம்மா ஒரு தடவைதான் அழுதாங்க. நம்ம ஜனங்களுக்குப் பத்தாதுன்னு மூணு தடவை வெச்சிருக்கேன்" என்றார் டைரக்டர். "நாளைக்கும் அழுகை வரலைன்னா வேற குரல் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

வேறு குரல். அவளுக்கு இருந்த ஒரே உறவுக்காரர்கள், அவள் அம்மாவாகக் குரல் கொடுத்த படங்களின் கதாநாயகர்கள். அவர்களையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

வெளியே வில்லன் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். வில்லனுக்குக் குரல் கொடுப்பவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபதைத் தொடும் வயது, வழுக்கை. எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற மனிதர். குரல் மட்டும் பாறை உருள்வதுபோல.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்களேன்" என்றாள். "எதிர்ல நின்னு நீங்க மிரட்டினா எனக்கு அழுகை வந்துடும்."

"அதுக்கென்ன, வர்றேன்மா. ஏதாவது கொண்டு வரணுமா?"

"சத்தம் போடாம படி ஏறி வந்தா போதும்."

பெரியவர் மாலை நடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து வரச் சொன்னாள். அன்றைக்கென்று அவர் நடைக்குப் போகவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போயிருந்தார், அவ்வளவுதான். வில்லன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல உள்ளே நுழைந்தார்.

தொண்டையைச் செருமினார். முதல் வசனமே சுவரை அதிர வைத்தது.

"கிழவி! உன் கண்ணு முன்னாடியே அவனை—"

கதவு பறந்து திறந்தது.

முதல் அடி வில்லனின் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியில் குடை விரிந்துகொண்டது. பெரியவர் விரிந்த குடையாலேயே அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பெத்தவளையே கொல்லப் பாக்குறியா? உனக்கெல்லாம் ஒரு அம்மா கேடா?"

"ஐயோ, நான் வெறும் குரல்தாங்க!" என்று வில்லன் குடைக்குப் பின்னாலிருந்து கதறினார்.

அவள் ஓடிப்போய் நடுவில் நின்றாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். இந்த ஒரு நிமிடம் முடிந்தால் நாளை யாரும் வரமாட்டார்கள், பாத்திரமும் வராது, கரண்டியும் மறந்துபோகாது என்று தோன்றியது. வாயில் வேறொன்றுதான் வந்தது.

"என் புள்ளையை விட்டுடுங்க! வேணும்னா என்னை அடிங்க!"

விரிந்த குடை அப்படியே நின்றது. எங்கிருந்து வந்த அழுகையென்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைக்காக அல்ல, பிள்ளை போய்விடப் போகிறானே என்பதற்காக.

"இதான்மா!" என்றது குடைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "நாளைக்கு மைக்ல இதே மாதிரி அழுங்க!"

பெரியவருக்குக் கை தளர்ந்தது. குடையை மடக்கினார். "தாய் மனசு" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து, "கீழ கூட்டாளிங்க நிப்பானுங்க. நான் பாக்குறேன்" என்று விறுவிறுவென்று படி இறங்கினார்.

எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்து வில்லனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவருடைய வழுக்கையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். இவர் மகன் என்றால், இவள் பிறக்கும் முன்பே பிறந்திருக்க வேண்டும்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். படத்தை, வசனத்தை, தலையணையை. எனக்கு மகனே கிடையாது என்றாள். யாராவது வருவார்கள் என்றுதான் சொன்னேன் என்பதை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள். வாசலில் போடப்பட்டிருந்த நாற்காலியை எதிர்வீட்டுக்காரி இப்போதே எடுத்துப் போய்விடுவாள் என்று காத்திருந்தாள்.

எதிர்வீட்டுக்காரி எழுந்து போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா, மாமா காதுல விழுந்துடப் போகுது. ஒரே அழுகையை வார்த்தை மாறாம எட்டுத் தடவை எந்த அம்மா அழுவா, எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். அத்தை போனதுலேருந்து ரூமை விட்டு வெளிய வராத மனுஷன், உங்க மகனை அடிக்கத்தான் தினமும் குளிச்சுச் சட்டை போட்டுக்கிட்டு வர்றாரு, அடுத்த படம் எப்பக்கா?"