ஆற்றுக்குச் சொன்ன பொய்ப் பெயர்

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. எங்கேயாவது ஒரு டிக்கெட் வீணாகப் போகிறது என்று கேள்விப்பட்டால் நெஞ்சு பதறும். அது எங்கே போகிற டிக்கெட், எதற்கான டிக்கெட் என்றெல்லாம் விசாரிக்கமாட்டேன். (இப்படித்தான் ஒருமுறை குதிரைகளின் பல் பராமரிப்புப் பற்றிய கருத்தரங்கு ஒன்றில் அரைநாள் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.) இந்தப் பலவீனம் ஒருநாள் என்னை ஒரு முதலையின் வாய்வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

ஏழு வருடங்களுக்கு முன் நடந்தது. பள்ளி விடுமுறைக்கு நானும் மனைவி வதனியும் மகள் அபியும் சிட்னியிலிருந்து கேர்ன்ஸுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். அப்போது செவன் ஹில்ஸில் என்னோடு வேலை செய்யும் குகதாசன் போன் எடுத்தான். அவர்களும் அதே வாரம் அங்கே வருவதாக இருந்தது. மகன் ஆகாஷுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டதால் பயணம் நின்றுவிட்டது.

"மச்சான், மழைக்காட்டு ஆத்திலை போட் டூர் ஒண்டு. மூண்டு டிக்கெட் சும்மா கிடக்கு. நீங்கள் போறியளோ?"

முதலை பார்க்கலாம், பறவை பார்க்கலாம், அந்த மண்ணின் பூர்வீகக் குடிமக்களே படகை ஓட்டித் தங்கள் கதைகளைச் சொல்வார்கள் என்று அவன் விளக்கிக்கொண்டு போனான். 'மூண்டு டிக்கெட் சும்மா கிடக்கு' என்பதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று டிக்கெட்டின் அடியில் எழுதியிருந்ததாம். டிக்கெட்டின் அடியை யார் வாசிக்கிறார்கள்?

"இஞ்சேருங்கோ, வேறை ஆக்களின்ரை பேரிலை போறது எனக்குச் சரியாப் படேல்லை," என்றாள் வதனி.

"ஆரப்பா பாக்கப்போகினம்? பேரைக் கூப்பிட்டால் ஓம் எண்டு தலையாட்டினால் முடிஞ்சுது."

அபிக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா, ஆகாஷ் இஸ் எ பாய்," என்றாள்.

"தொப்பியைப் போடுங்கோ," என்றேன்.

இந்த 'இஞ்சேருங்கோ' பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போது கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் வதனி என் பெயரைச் சொன்னதே இல்லை. கணவனின் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவர்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. வதனி பட்டதாரி, வேலைக்குப் போகிறவள், அதையெல்லாம் தான் நம்பவில்லை என்றுதான் சொல்வாள். ஆனால் பெயரைச் சொல்லமாட்டாள். டாக்டர் வீட்டில் கேட்டால் அட்டையை எடுத்து நீட்டுவாள். மற்றவர்களிடம் நான் 'இவர்' அல்லது 'அபியின்ரை அப்பா'. வெள்ளைக்காரருக்கு நான் 'மை ஹஸ்பண்ட்'. வேலையிடத்தில் என் பெயரை வெட்டி 'பரம்' ஆக்கிவிட்டார்கள். பரமானந்தன் என்று முழுதாக என்னைக் கடைசியாகக் கூப்பிட்டவர், பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு வாசித்த வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது, ஆனால் வெளிச்சம் வரவில்லை. ஆற்றின் மேல் பனிப்புகார் படுத்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. இந்தக் கரையில் கண்டல் மரங்கள் வேரையெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு சேற்றில் நின்றன. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. காட்டுக்குள் எங்கேயோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. வதனி என் கையைப் பிடித்தாள்.

"அது ஒரு பறவை," என்றாள் எங்கள் வழிகாட்டி. டெல்மா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். அவளுடைய ஆட்கள் இந்த ஆற்றங்கரையில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று யாரோ கேட்டதற்கு, "நாங்கள் எண்ணுவதில்லை, எப்போதும் இங்கேதான்," என்றாள். பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டாள். குகதாசன் என்றபோது நான் ஓம் என்று கையை உயர்த்தினேன். எல்லாம் சுமுகமாகப் போனது.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம் வந்தது.

படகில் ஏறுவதற்கு முன் டெல்மா ஆற்றைப் பார்த்து நின்று, தன் மொழியில் உரத்த குரலில் ஏதோ கூப்பிட்டுச் சொன்னாள். குரல் புகாருக்குள் போய், கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. பிறகு எங்களைப் பார்த்தாள்.

"எங்கள் முன்னோர்கள் இங்கே இருக்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். இனி நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பெயரையும் உங்கள் ஊரையும் சொல்லுங்கள். அவர்கள் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும்."

மெல்பேர்னிலிருந்து வந்திருந்த ஒரு வயோதிபத் தம்பதி சொன்னார்கள். இரண்டு ஜெர்மன் பெட்டைகள் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என் முறை வந்தது. பட்டியல் டெல்மாவின் கையில் இருந்தது.

"குகதாசன். கொக்குவில்," என்றேன்.

என் ஊர் கரவெட்டி. கொக்குவில் குகதாசனின் ஊர். ஊரையும் மாற்றச் சொல்லி என்னை ஒருவரும் கேட்கவில்லை. பொய் என்று தொடங்கினால் அதைத் திறமாகச் செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்து என் கொள்கை.

வதனி தண்ணீரைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அபியும் அவள் பக்கத்தில் நின்று முணுமுணுத்தாள். படகு புறப்பட்டது.

தட்டையான சின்னப் படகு. டெல்மா பின்னால் இருந்து ஓட்டினாள். வதனியும் அபியும் அவளுக்குக் கிட்ட இருந்தார்கள். நான் படம் எடுக்க வசதியென்று முன்மூலையில் போய்த் தனியாக இருந்தேன். கைகள் படகுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், மெல்லிய குரலில்தான் பேச வேண்டும் என்பது டெல்மாவின் சட்டம். முதல் அரைமணி நேரம் அவள் எத்தனையோ காட்டினாள். எந்தக் கொட்டையை எத்தனை நாள் ஓடும் நீரில் ஊறவிட்டால் நஞ்சு போகும், எந்த மரம் பூத்தால் எந்த மீன் கொழுத்திருக்கும் என்றெல்லாம் சொன்னாள். ஜெர்மன் பெட்டைகள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஏனென்றால் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் இருந்தது. படகு வளைந்து ஒரு சிற்றாற்றுக்குள் நுழைந்ததும் டெல்மா எஞ்சினை நிறுத்தினாள். மரங்கள் இரண்டு பக்கத்தாலும் வந்து தலைக்கு மேல் மூடிக்கொண்டன. படகு தன்பாட்டில் போனது. புகாருக்குள்ளிருந்து ஒரு வேர் வரும், ஒரு கிளை வரும், கிளையில் ஒரு பாம்பு சுருண்டு படுத்திருக்கும், பிறகு அதுவும் புகாருக்குள் போய்விடும். அந்தக் குழந்தைப் பறவை மறுபடி அழுதது. இந்த முறை கிட்டவாக.

விருந்தாளியாக வந்த வீட்டில் கள்ளப் பெயர் சொல்லியிருக்கிறேன். மற்ற எல்லோரையும் இந்த ஆற்றுக்குத் தெரியும். என்னைத் தெரியாது. கொக்குவில் குகதாசன் என்றொருவனை அது தேடிக்கொண்டிருக்கும். அவனோ செவன் ஹில்ஸில் இருக்கிறான். அவன் இடத்தில் இருக்கும் இவன் யார் என்று ஆறு யோசிக்காதா? (கணினித் துறையில் பதினைந்து வருட அனுபவமுள்ள ஒருவன் இப்படியெல்லாம் யோசித்தான் என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.)

திருத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன். டெல்மாவுக்குத் தெரியாமல் ஆற்றிடம் மட்டும் இரகசியமாக உண்மையைச் சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்து டெல்மா இடது பக்கத்து மரமொன்றைக் காட்ட, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மரம் முழுக்கப் பெரிய வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. நான் வலது பக்கம் குனிந்தேன். சட்டம் மறந்து போயிற்று. கீரிமலைக் கேணியில் செய்வதுபோலக் கையைத் தண்ணீரில் விட்டு, ஒரு சிறங்கை நீர் அள்ளித் தலையில் தெளித்தேன். மறுபடி கையை விட்டேன்.

"மன்னிக்க வேணும்," என்று தண்ணீரிடம் சொன்னேன். "நான் குகதாசன் இல்லை. பரமானந்தன். கரவெட்டி."

"பரமானந்தன்," என்றது ஒரு குரல்.

மெல்லிய, நடுங்குகிற குரல். பெண்ணின் குரல். புகாருக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்படியொரு குரலில் என் பெயரை என் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தப் படகில் என் முழுப்பெயரை வாயால் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை.

எங்கள் ஊரில் சின்ன வயதிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஆள் தெரியாமல் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. மனிதர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றது மூன்று தரம் கூப்பிடாது. நான் மூச்சுக் காட்டாமல், கையைத் தண்ணீரிலேயே விட்டபடி, குனிந்த இடத்தில் கல்லாகி இருந்தேன்.

"பரமானந்தன்!"

இரண்டு. முன்னதைவிடக் கிட்டவாக வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நல்லூர்க் கந்தனுக்கும் கரவெட்டிப் பிள்ளையாருக்கும் ஒரே நேரத்தில் நேர்ந்தேன். விரல்களைச் சுற்றித் தண்ணீர் மெதுவாக அசைந்தது. ஏதோ அதைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

"பரமானந்தன்!! கையை எடுங்கோ!"

மூன்றாவது குரல் என் காதுக்குள் வெடித்தது. கூடவே ஒரு கை என் கொலரைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தது. நான் மல்லாக்காக மெல்பேர்ன் ஐயாவின் மடியில் விழுந்தேன். விழும்போது கண்ணைத் திறந்தேன். என் கை இருந்த இடத்தில், படகை உரசிக்கொண்டு, இரண்டு கண்கள் தண்ணீருக்கு மேலே இருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு முழ நீளம் தள்ளி இரண்டு மூக்குத் துவாரங்கள். சத்தமில்லை, அலையில்லை. அவை என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கின. தண்ணீர் மூடிக்கொண்டது.

கொலரைப் பிடித்திருந்தது வதனி.

டெல்மா எஞ்சினைப் போட்டுப் படகை ஆற்றின் நடுவுக்குக் கொண்டுபோனாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. "குகதாசன், என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றாள்.

அபி தொப்பியைக் கழற்றினாள். "ஹிஸ் நேம் இஸ் நொட் குகதாசன்," என்றாள். பிறகு எல்லாவற்றையும் தெளிவான ஆங்கிலத்தில், ஒன்றையும் விடாமல் சொன்னாள். கொப்பளிப்பான்கூட வந்தது.

நான் முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று டெல்மாவிடம் ஈனக் குரலில் கேட்டேன்.

"அவர்களுக்கு உங்களை ஏறும்போதே தெரிந்திருக்கும். அவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை," என்றாள். "எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. இந்தப் பட்டியல் எதற்கென்று நினைத்தீர்கள்? அது உங்களைக் கொண்டுபோயிருந்தால், நான் குகதாசன் வீட்டுக்கல்லவா போன் எடுத்து அவர் செத்துப்போனார் என்று சொல்லியிருப்பேன்?"

மெல்பேர்ன் ஐயாதான் முதலில் சிரித்தார். பிறகு படகே சிரித்தது. டெல்மா என்னை எழுந்து நிற்க வைத்தாள். அத்தனை பேருக்கு முன்னால், ஆற்றைப் பார்த்து என் பெயரையும் ஊரையும் உரத்துச் சொன்னேன். புகாருக்குள்ளிருந்து என் பெயர் திரும்பி வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததும் இல்லை, அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

திரும்பி வரும்போது வதனி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "நாலு தரம் இஞ்சேருங்கோ எண்டு கூப்பிட்டனான். நீங்கள் திரும்பேல்லை," என்றாள்.

"கேக்கேல்லையப்பா." (பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல்லுக்குக் காது கேளாமல் இருந்து பழகியிருந்தேன்.)

"அதுக்குப் பிறகுதான்..." என்றவள் அழத் தொடங்கினாள். என் ஆயுள் குறையக்கூடாது என்று பன்னிரண்டு வருடம் காப்பாற்றி வைத்திருந்ததை, என் உயிரைப் பிடித்து நிறுத்த ஒரேயடியாக மூன்று தரம் செலவழித்திருந்தாள். எனக்கும் அழுகை வந்தது.

"துறையிலை நீர் என்ன பேர் சொன்னனீர்?" என்று பேச்சை மாற்றினேன்.

"நானும் அபியும் எங்கடை சொந்தப் பேரைத்தான் மெல்லமாச் சொன்னனாங்கள். உங்கடை பேரைத்தான் சொல்ல ஏலாமல் விட்டனான்."

"இன்னொருக்கா என்ரை பேரைச் சொல்லும் பாப்பம்."

"முதலை வரட்டும்," என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. குகதாசன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அண்டைக்கு நான் செத்திருப்பன், தங்கச்சி காப்பாத்திப் போட்டா," என்று வதனியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதிரையில் அமர்வான்.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் கட்டிலில் படுத்திருந்தேன். சின்ன ஒப்பரேஷன்தான் என்றார்கள். ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. தாதி வந்து, என் முழுப்பெயரைச் சொல்லும்படி வதனியிடம் கேட்டாள். வதனி என் கையைத் தூக்கி, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டியைக் காட்டினாள்.

அபிக்கு அப்போது பதினைந்து வயது. குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா இன்னும் பேர் சொல்லேல்லை. சோ, யூ ஆர் ஃபைன், அப்பா."