பெயரில்லாத தலைச்சுற்றும் ஆவணி முகூர்த்தமும்

அச்சுவேலி,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் மார்க்கண்டு அவர்களுக்கு,

இங்கே என் ஒருவனைத் தவிர, மாடு உட்பட எல்லோரும் நல்ல சுகம். சாவகச்சேரியில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை சிவகரனும் சுகமாயிருக்க எங்கள் பிள்ளையாரை வேண்டுகிறேன். மாப்பிள்ளை வரும்போதெல்லாம் உங்கள் வளவு மரத்தில் பிடுங்கின பாக்கு ஒரு பை கொண்டு வந்து தருகிறார். நான் வெற்றிலை போட்டு அறியாதவன். என்றாலும் சம்பந்தி தந்ததை மூலையில் போடுவது மரியாதையில்லை என்று, மத்தியானம் சாப்பிட்ட பிறகு என் மனுசி பூரணத்துக்குத் தெரியாமல் வெங்காயக் கொட்டிலுக்குப் பின்னால் போய், உங்களை நினைத்து ஒவ்வொன்றாகச் சப்பி வருகிறேன்.

விஷயம் என்னவென்றால், கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். போனில் சொன்னால் பூரணம் பக்கத்தில் நின்று வசனத்துக்கு வசனம் திருத்துவா, மகள் ஆரணி அழுவாள், அதனால்தான் எழுதுகிறேன். சில கிழமைகளாக எனக்கு ஒரு வருத்தம், என்ன நோயென்றே தெரியவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு திடீரென்று காது சுடும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு உழவு மிசின் மாதிரி அடிக்கும், வெங்காயப் பாத்தியெல்லாம் எழும்பி நடக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் அடங்கிவிடும். பூரணத்திடம் சொன்னால், "கண்டறியாத வருத்தம்! புல்லுப் பிடுங்கிற நேரம் பாத்து வருதாக்கும்" என்கிறா. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பிள்ளைதான் டொக்டர். பிறசர் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களை விட எனக்குத்தான் கூட" என்றா. "வெத்திலை, சுருட்டு, சாராயம் ஏதும் பழக்கம் இருக்கோ?" என்று கேட்டா. "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன். சம்பந்திக்காகச் செய்வது பழக்கமாகுமா, நீங்களே சொல்லுங்கோ. பிறகு காசு கட்டி, பிறைவேற்றாக ரத்தம், சலம், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். எதற்கும் விடிய வெள்ளென, வெறும் வயிற்றோடுதான் கூப்பிடுவார்கள். விடிய வெள்ளென எனக்கு என்ன குறை, குதிரை மாதிரித்தான் போய் நிற்பேன். எல்லாம் நோமல். ஒரு குறையுமில்லையாம். கண் டொக்டர் புதுக் கண்ணாடி தந்தார், இப்போது பாத்திகள் நடப்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காது டொக்டர் காதைக் கழுவிவிட்டார், பூரணம் பேசுவதில் ஒரு சொல்லும் தப்பாமல் கேட்கிறது, அது இப்போது தனி வருத்தம். பரியாரியார் வாய்வு என்று ஒரு கசாயம் தந்தார். அதைக் குடித்த வாய்க்கசப்பை முறிக்க உங்கள் பாக்கில் ஒன்றை மேலதிகமாகப் போட்டேன். அன்றைக்குப் பூமியோடு சேர்ந்து கிணறும் சுற்றியது.

வருத்தத்தை விட, அதற்குப் பெயர் இல்லாததுதான் பெரிய வெட்கம். பக்கத்து வளவுக் கனகலிங்கத்துக்குச் சுகர், பிறசர், கொலஸ்ரோல் மூன்றும் இருக்கிறது, பட்டம் வாங்கினவர் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்றும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பரமு, உமக்கு என்னவாம்?" என்றார். "நோமலாம்" என்றேன். "கவனம் காணும், உந்த நோமல் கூடினால்தான் ஆபத்து!" என்று சொல்லிவிட்டுத் தன் குளிசையைப் போடப் போனார்.

எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் பயமும் இருக்கிறது. மணவறையில் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற நேரம் நான் சரிந்து விழுந்தால், பெண்வீட்டார் வருத்தத்தை ஒளித்துவிட்டார்கள் என்று ஊர் கதைக்கும். அந்தக் கதை ஆரணியோடு உங்கள் வீடு வரை வரும். ஒரு பெயர் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நிற்கிறபோது மட்டும் கொஞ்சம் ஆடுகிற உங்கள் சம்பந்தி,
பரமலிங்கம்

பி.கு.: உறை ஒட்ட ஒரு பருக்கை சோறு கேட்கப்போய்ப் பூரணத்திடம் பிடிபட்டேன். கடிதத்தைப் பறித்து முதல் பந்தியை வாசித்தவுடனேயே நிலத்தில் குந்தியிருந்து சிரித்தா. "இஞ்சாருங்கோ, பச்சைப் பாக்குச் சப்பினால் தலை சுத்தி வெறிக்குமெண்டு சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும்! உதை டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?" நான் நம்பவில்லை. இத்தனை மிசின் பிடிக்காததைப் பூரணம் பிடிப்பதா? அந்த நேரம் கனகலிங்கம் வேலியால் எட்டிப் பார்த்தார். பூரணம் அவருக்கும் ஒரு பாக்கை நீட்டினா. கொலஸ்ரோலைப் பற்றிக் கதைத்துக்கொண்டே சப்பினவர் பாதியில் நின்றார், வேர்த்தார், எங்கள் முருங்கையைக் கட்டிப்பிடித்தார். "பரமு... உம்மடை முருங்கை ஏன் காணும் நடக்குது?" "பயப்படாதையும்," என்றேன், "எல்லாம் நோமல்."

ஆகையால் கலியாணம் ஆவணியில், குறித்த நாளிலேயே. வேறு கடதாசி இல்லாததால் இதையே அனுப்புகிறேன், மேலே உள்ளதை வாசிக்காமல் விடவும். வெற்றிலைத் தட்டுக்கு மட்டும் கடைப் பாக்கு வாங்குவோம். உங்கள் வளவுப் பாக்கென்றால், தாலி கட்ட முன்னமே சபை முழுக்கத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்.