மேட்சிங் அண்ணனின் கண் ரிப்போர்ட்

அன்றைக்குக் கடையில் இருந்தது நாலே பேர். கல்லாவில் அண்ணாச்சி, கவுண்டரில் மேட்சிங் அண்ணன், ஏணியில் நான், புடவையைக் கொண்டுவராமலே அதற்கு ரவிக்கைத் துணி வாங்க வந்த மயிலாப்பூர் மாமி. தி. நகர் மேட்சிங் அண்ணனுக்குத் தெரியாத நிறத்தைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை என்பதற்கு மற்ற மூவரும் சாட்சி.

"பச்சைன்னா பச்சை இல்லப்பா. அது ஒரு மாதிரி..." மாமி இழுத்தார்.

"மழைல நனைஞ்ச வாழ இல. ஓரத்துல லேசா பழுத்துக்கீது. கரெக்டா?"

"அட ராமா! எங்காத்து பீரோவைத் திறந்து பார்த்தியா நீ?"

அண்ணனிடம் நிறங்களுக்குப் பெயரே இப்படித்தான். பழுப்பு என்று சொல்ல மாட்டார், 'ஆறிப்போன காபி' என்பார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பாடம் மட்டும் எனக்கு மனப்பாடம்.

அவருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் மாத்திரை போடுவார். ரிசல்ட் வந்த சாயங்காலம் நாலு பாதுஷா வாங்கி மாத்திரைக்கு நன்றி சொல்வார். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது; எல்லாம் இருக்குமோ என்ற பயம் மட்டும் உண்டு.

மாமி போனதும் அண்ணாச்சி அறிவித்தார். "ஞாயித்துக்கிழமை பக்கத்து மண்டபத்துல கண்ணு பரிசோதனை. சுகர் உள்ளவன்லாம் போய் காட்டி ரிப்போர்ட் கொண்டு வரணும். இல்லேன்னா கவுண்டர்ல நிக்கக் கூடாது, பாத்துக்கோங்க."

அண்ணன் என்னை ஓரம்கட்டினார். "கண்ணுல மருந்து ஊத்தினா நாலு மணி நேரம் கலரே தெரியாதாம். ஆடித் தள்ளுபடி டைம்ல ஆவுற காரியமா? உனக்குத்தான் டெஸ்ட்னா உசுராச்சே நைனா. என் பேர்ல நீ போய்ட்டு வா."

"உங்க கண்ணுல ஏதாவது இருந்தா அண்ணே?"

"ஊசில நூல் கோக்கறேன்டா! நல்லா தெரியற கண்ணுல இன்னா வியாதி?"

போனேன். எனக்கும் நாற்பது தாண்டிவிட்டதால் யாரும் சந்தேகப்படவில்லை. டாக்டரம்மாவிடம் பொய் சொல்லப் பயம். அதனால் அண்ணனைப் பற்றிய உண்மையை எல்லாம் என் வாயால் சொன்னேன்.

"சுகர் எத்தனை வருஷம்?"

"பதினஞ்சு."

"பிரஷர்?"

"இருக்கு."

"கொழுப்பு?"

"அதுவும் ஜாஸ்தி."

"சிகரெட்?"

"நாளைக்கு ஒரு பாக்கெட்."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"டெஸ்ட் வந்தா போடுவேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "இதுல ஒவ்வொண்ணுமே கண்ணுக்கு ஆபத்து. உங்களுக்கு மொத்தமும் சேர்ந்திருக்கு. பார்வை நல்லா இருக்கும்போதே உள்ளே ரத்தக்குழாய் கெட்டுக்கிட்டு வரும், நமக்குத் தெரியவே தெரியாது."

மருந்து ஊற்றி, விளக்கடித்து உற்றுப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டார். இருவரும் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லை.

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று கைகுலுக்கி அனுப்பினார்.

டாக்டர் சொன்னதை அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அதான் நார்மல்னு போட்டுக்கீதே!" என்று ரிப்போர்ட்டை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒரு மாதத்தில் அது தன் கண்தான் என்று அவரே நம்பிவிட்டார். நான்தான் நம்பவில்லை. அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவது என்று தினமும் கல்லா வரை போவேன். "டீ வாங்கியாரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

அடுத்த ஆடியில் அதே மாமி, முந்தின வாரம் வாங்கிய துணியோடு திரும்பி வந்தார். "என்னப்பா இது? அரக்கு கேட்டா காபிப்பொடியைக் குடுத்திருக்கே!"

"லைட்டு சரியில்ல மாமி" என்றார் அண்ணன். டியூப் லைட்டை மூன்று தடவை மாற்றினோம். பிறகு ஒருநாள் மத்தியானம் காற்றில் கையை வீசி விரட்ட ஆரம்பித்தார். "இன்னாடா கருப்பு கருப்பா பறக்குது? கொசு மருந்து அடிக்கலியா?"

கொசு இல்லை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "போன வருஷமே பாத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதே. யாருமே பாக்கலியா?"

லேமினேஷன் ரிப்போர்ட் என் கையிலிருந்த பையில் இருந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கூப்டாங்க டாக்டர். நான்தான் போவல" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை.

லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஆள் அசைவது தெரியும், நிறம் பிடிபடாது. ஆள் மாறிப் போன விஷயம் அண்ணாச்சிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார், தெரியட்டும்.

செக்கப்புக்கு இப்போது நான்தான் அழைத்துப் போகிறேன். "பேஷன்ட் யாரு?" என்று கவுண்டர் பெண் கேட்கும்போதெல்லாம் நான் அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன்.

"நான்தாம்மா. இவன் பயந்தாங்கொள்ளி, சும்மா கூட வந்துகீறான்" என்பார் அண்ணன்.

போன தடவை மருந்து ஊற்றி உட்காரவைத்திருந்தார்கள். "நைனா, இன்னா கலர் சட்டை போட்டுகினு கீறேன்?" என்று கேட்டார்.

"ஆறிப்போன காபி அண்ணே."

"வெளிச்சத்துல பாத்து சொல்றா."

அவர் சட்டைக் கையை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தேன். "ஆறிப்போன காபியேதான் அண்ணே."

"அப்ப சரி" என்று என் தோளில் கையை வைத்தார். டாக்டர் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.