கல்யாணப் படத்துக்கு ஒரு முதுகு

போன வாரம் கச்சிதமாக இருந்த கோட்டு, இந்த வாரம் முன்னால் தூக்கிக்கொண்டும் பின்னால் தொங்கிக்கொண்டும் நின்றது. உதியன்குளங்கரைத் தையல்காரர் சோமன் டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஈசாக்கை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"அண்ணா, கூனுக்குக் கணக்காக்கிப் பின்னால துணி விட்டிருந்தேன். கூனு எங்கே?"

"போயிட்டிருக்கு," என்றார் ஈசாக் பெருமையாக.

"போறது எப்ப நிக்கும்?"

"அதை ஜிஜாட்டதான் கேக்கணும்."

ஈசாக் குளத்தூரில் செல்போன் பழுதுபார்ப்பவர். வருடக்கணக்காகக் குனிந்தே வேலை பார்த்ததில் முதுகும் அப்படியே நிலைத்துவிட்டது. மூத்தவள் மினியின் கல்யாணப் படங்களில் பெண்ணின் அப்பா என்று ஒரு வழுக்கைதான் தெரிகிறது. முகம் ஒன்றிலும் இல்லை. அடுத்த மாதம் இளையவள் பின்சிக்குக் கல்யாணம். சர்ச்சில் அவள் கையைப் பிடித்து நடக்கும்போதாவது தன் முகம் படத்தில் விழ வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்காகத்தான் பாறசாலையில் பிசியோதெரபி செய்யும் ஜிஜாவிடம் போனார். அவள் முதுகை விட்டுவிட்டுத் தோளின் முன்பக்கம் கை வைத்தாள்.

"மக்கா, வளைஞ்சது பின்னாலயாக்கும்."

"இழுத்துப் பிடிக்கியது முன்னாலயாக்கும் அங்கிள். தசையைப் பொதிஞ்சு ஒரு சவ்வு உண்டு. குனிஞ்சே இருந்தா அது அந்தக் கோலத்திலயே இறுகிப்போவும். மெல்ல இளக்கினா போதும்."

எண்ணெய் இல்லை, நெட்டி முறிப்பு இல்லை. விரல் முட்டியை ஊன்றிவிட்டுக் காத்திருப்பாள். "இனி கையைத் தூக்குங்க" என்பாள். உள்ளே ஏதோ இளகும். அந்தப் பொறுமையை எவ்வளவு மெச்சினாலும் தகும். சில வாரங்களில் ஈசாக் கழுத்தைத் திருப்பினார், கால் வீசி நடந்தார், பஸ் போர்டை நின்ற இடத்திலிருந்தே வாசித்தார். அதுவரை ஊர்க்காரர்களைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டவர்!

சோமன் கோட்டைப் பிரித்துத் தைத்தார். ஈசாக் மறுபடி ஜிஜாவிடம் போய்வந்தார், கோட்டு சேரவில்லை. சோமன் இன்னொரு தடவை பிரித்துத் தைத்தார். இந்த முறை தோள் விரிந்து அக்குளே கிழிந்தது.

"ஒண்ணு கல்யாணத்தைத் தள்ளி வையுங்க, இல்லெங்கி முதுகை நிறுத்துங்க," என்று சோமன் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒருவழியாகக் கோட்டு சேர்ந்த அன்று பின்சி அப்பாவையும் அம்மாவையும் நிற்க வைத்துச் செல்போனில் ஒரு படம் எடுத்தாள். ஈசாக்கின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. பக்கத்தில் ஆனந்தபாய் தோளைக் குறுக்கித் தரையைப் பார்த்து நின்றாள். இப்போது அவள் முகத்தைக் காணவில்லை.

"உனக்கும் கூனு உண்டா? நான் கண்டதே இல்லியே!"

"அப்பா எங்க நிமிர்ந்து பாத்திய?" என்ற பின்சி மேலும் ஏதோ சொல்ல வந்து, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இவ்வளவு நாளும் தன் முதுகையே நினைத்துக்கொண்டு திரிந்தோமே என்று ஈசாக்குக்கு மனசு கிடந்து தவித்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல, ஜிஜாட்ட நான் வரல்ல," என்றாள் ஆனந்தபாய்.

"சும்மா வா. இறுகிப்போனா பிறகு பாடாக்கும்."

ஜிஜா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஈசாக் வெளியே உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். கூப்பிட்டதும் ஓடினார். உள்ளே நெடுநெடுவென்று ஒரு பெண் சுவர்க் காலண்டரைப் பார்த்து நின்றாள்.

"மன்னிக்கணும்... எனக்க வீட்டுக்காரி எங்கே?"

அந்தப் பெண் திரும்பினாள். ஆனந்தபாய்! நிமிர்ந்து நின்ற ஈசாக்கின் தலை அவள் காதுவரைதான் எட்டியது.

"ஜிஜா! ஒரே தடவையில இப்பிடியா? உனக்க கை அற்புதமாக்கும்!"

ஜிஜா சிரித்தாள். "நான் ஒண்ணும் செய்யல்ல அங்கிள். ஆன்டிக்க முதுகில ஒரு இறுக்கமும் இல்ல. உங்களவிட உயரம் தெரியாம இருக்க வேண்டி, நீங்க இருக்கும்போ மட்டும் இத்தன வருஷமும் குனிஞ்சு நின்னதாக்கும்."